முந்நூற்றுப் பன்னிரண்டாம் அட்டை

ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது. கோழியைக் கவ்விக்கொண்டு போகும்போதெல்லாம் தன் காலடித் தடங்களை வாலால் துப்புரவாகப் பெருக்கிக்கொண்டே போகும். காவலர்களுக்கு ஒரு தடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் பெருக்கிய பாதை மட்டும் கோழிக்கூட்டிலிருந்து நரியின் வளை வரைக்கும் பளிச்சென்று கிடந்தது.

இந்தக் கதையைத் துப்பறிவாளர் தம் மைத்துனனுக்கு அந்த வாரத்தில் மூன்றாம் முறையாகச் சொல்லி முடித்தபோது, இருவரும் அகராதிப் பணிமனையின் மூன்றாம் மாடியை அடைந்திருந்தார்கள். துப்பறிவாளரை ஊரில் எல்லோரும் ‘நிதானம்’ என்றே அழைத்தார்கள். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவி கோபம் வரும்போது மட்டும் பயன்படுத்தினாள். மனைவியின் தம்பியை அவர் ‘மாப்பிள்ளை’ என்றழைப்பார். நாற்பத்திரண்டு வயதுக்குள் ஐந்து வேலைகளில் சேர்ந்து, ஐந்தையும் வாயால் கெடுத்துக்கொண்டு, கடைசியில் அக்காள் புருஷனிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன் அவன்.

“மாமா, நரி கதையை விடுங்க. லிஃப்ட் இல்லாத கட்டடத்துல துப்பறியறதில்லைன்னு ஒரு போர்டு வெச்சுடலாம்” என்று மூச்சு வாங்கினான் மாப்பிள்ளை.

அட்டை அறை கண்ணெதிரே விரிந்தது. நான்கு சுவர்களிலும் தரையிலிருந்து கூரை வரை மர இழுப்பறைகள். ஒவ்வோர் இழுப்பறையின் முகத்திலும் பித்தளைச் சட்டத்துக்குள் ஓர் ஆங்கிலச் சொல். நடுவே நீண்ட மேசை. மூலையில் ஓர் உயரமான மர ஏணி. அதன் நான்காம் படியை யாரோ கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

பதிப்பாசிரியர் அவர்களை எதிர்கொண்டார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. முப்பதாண்டுகளாகத் தயாராகிவரும் ஆங்கிலம்–தமிழ்ப் பேரகராதிக்குத் தலைவர் அவரே.

“திருடு போனது ஒரே ஒரு சொல்லுங்க” என்றார். “ஆங்கிலத்துல மூணே எழுத்து. செட்.”

“மூணு எழுத்தைத் திருடினதுக்கா மூணு மாடி ஏற வெச்சீங்க?”

“எழுத்துதான் மூணு. அர்த்தம் முந்நூத்திப் பன்னிரண்டு.”

மாப்பிள்ளை வாயைப் பிளந்தான். பதிப்பாசிரியர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். “சூரியன் மறையறதுக்கும் அதுதான். எலும்பு கூடறதுக்கும் அதுதான். பொறி வைக்கறது, கடிகாரத்தைத் திருப்பி வைக்கறது, சிமென்ட் இறுகறது, மோதிரத்துல கல்லு பதிக்கறது...”

“வீட்டுல டி.வி. செட்டு. கடையில பாத்திர செட்டு. அப்புறம் நான் வேலை பார்த்த எந்த முதலாளிக்கும் எனக்கும் செட் ஆகல. மூணு நான் சொல்லிட்டேன். மிச்சம் முந்நூத்தி ஒன்பதைத்தானே தேடணும்?”

பதிப்பாசிரியர் சிரிக்கவில்லை. நிதானமோ அண்ணாந்து மேல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே இரண்டு இழுப்பறைகளின் இடம் பொக்கை வாயாகத் திறந்து கிடந்தது.

“ஒரு அர்த்தத்துக்கு ஒரு அட்டையா?” என்று கேட்டார்.

“ஆமா. அட்டை மேல அர்த்தம், கீழ ஒரு உதாரண வாக்கியம். ரெண்டு இழுப்பறை முழுக்க அந்தச் சொல்லு. மூணாவது இழுப்பறையில பாதி. மொத்தமும் போச்சு. வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போகணும். இந்தச் சொல்லு இல்லாம அகராதி வெளியே போனா ஊரே சிரிக்கும்.”

“யார் எழுதினது?”

பதிப்பாசிரியரின் உதடு கோணியது. “முந்நூறுன்னு கூப்பிடுவோம். ஒன்பது வருஷமா அந்த ஒரு சொல்லையே கட்டிக்கிட்டு அழுதவன். மூணு மாசம் முன்னாடி வேலையைவிட்டு அனுப்பிட்டேன். ஆத்திரத்துல அவன்தான் எடுத்திருக்கணும். அவன் எழுதின ஒவ்வொரு அட்டைக்கும் கார்பன் பிரதி உண்டு, அதையும் கையோட வீட்டுக்குக் கொண்டுபோயிட்டான். உங்க வேலை சுலபம். அட்டை கிடைச்சா சரி. இல்லேன்னா அந்தக் கார்பன் பிரதியாவது எனக்கு வேணும்.”

“நீங்க அந்த அட்டைகளைப் படிச்சிருக்கீங்களா?”

“எனக்கு எங்கே நேரம்? ஒரு சொல்லு முடிஞ்சா கடைசி அட்டையில கையெழுத்துப் போடுவேன். அதோட சரி. இந்தச் சொல்லுக்கு அதுகூடப் போடல. கடைசி அட்டை, முந்நூத்திப் பன்னிரண்டு, உதாரணம் எழுதாம வெறுமையா இருந்துச்சு.”

“மத்த அட்டைகளை வேற யாரையாவது வெச்சுத் திருத்தி எழுத முடியாதா?”

“முடியாது. எழுதினவன் கையெழுத்து இல்லாம ஒரு எழுத்துகூட மாத்தக் கூடாது. வெளியீட்டுக் குழு அட்டையையும் கார்பனையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கும். நான் போட்ட சட்டம்தான்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமையும் எரிச்சலும் சரிபாதியாகக் கலந்திருந்தன. “ரெண்டும் தொலைஞ்சு போனாத்தான் புதுசா எழுதலாம்.”

நிதானம் தலையை ஆட்டிக்கொண்டார். “மாப்ளே, ஏறிப் பாரு.”

மாப்பிள்ளை ஏணியைச் சுவரில் சாய்த்து ஏறினான். நான்காம் படியில் கால் வைத்ததும் கட்டை ‘கிறீச்’ என்று பக்கவாட்டில் சுழன்றது. அவன் ஐந்தாம் படியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தொங்கினான்.

“மாமா! இது ஏணியா, எமனோட வாகனமா?”

“பார்த்து, பார்த்து” என்று பதற்றத்துடன் வந்தாள் அட்டைகளைக் காக்கும் எழுத்தரம்மா. ஐம்பது வயதுக்காரி, பார்வையில் ஒரு பழைய வருத்தம் நிலையாகக் குடியிருந்தது. “நான் மூணாம் படியிலேர்ந்து அஞ்சாம் படிக்குத் தாவிடுவேன் தம்பி. பழகிப்போச்சு.”

பதிப்பாசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு தம் அறைக்குப் போனார்.

மாப்பிள்ளை மூன்றாம் இழுப்பறையை இறக்கிக் கொடுத்தான். அதன் முன்பாதி காலி. பின்பாதியில் அடுத்த சொல்லின் அட்டைகள் நிமிர்ந்து நின்றன. அவை சரிந்துவிடாமல் ஒரு சிறிய மர ஆப்பு அண்டக் கொடுத்திருந்தது.

“யாரோ யாருக்கோ ஆப்பு வெச்சிருக்காங்க” என்றான் மாப்பிள்ளை.

நிதானம் ஆப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அம்மா, இதை நீங்க வெச்சீங்களா?”

“இல்லீங்க. காலையில நான் வந்து பார்த்தப்பவே இப்படித்தான் இருந்துச்சு. பாதி அட்டையை எடுத்தா மிச்சம் சரிஞ்சு வளைஞ்சுடும், அதனால ஏதாவது அண்டக் கொடுக்கணும். முன்னாடியெல்லாம் பழைய பேப்பரை உருட்டி வைப்போம். அதுல பூச்சி வருதுன்னு ரெண்டு மாசம் முன்னாடி சார்தான் இந்த ஆப்பு செய்ய வெச்சார்.”

“திருடறவன் அட்டை வளைஞ்சுடுமேன்னு கவலைப்பட்டிருக்கான்!” என்று வியந்தான் மாப்பிள்ளை. “நம்ம வீட்டுல திருட வர்றவனும் இப்படிப் பாத்திரத்தைக் கழுவி வெச்சுட்டுப் போனா நல்லாருக்கும்.”

நிதானம் குனிந்து தரையைப் பார்த்தார். இழுப்பறைகளுக்கு முன்னால் படிந்திருந்த மெல்லிய தூசியில், சதுரத்தின் நான்கு மூலைகள்போல நான்கு வட்டங்கள் பதிந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாணயத்தின் அளவு.

“அந்த முந்நூறோட அட்டைகளை நீங்க படிச்சிருக்கீங்களாம்மா?”

எழுத்தரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “போன வாரம் எண்ணிப் பார்க்கும்போது சிலதைப் படிச்சேன். அழுதுட்டேன். சார் பார்த்துட்டு ஏன்னு கேட்டார். கண்ணுல தூசின்னு சொல்லிட்டேன்.”

“அகராதியைப் படிச்சு அழறதா?” என்றான் மாப்பிள்ளை. “நான் அழுதிருக்கேன், பரீட்சைக்கு முந்தின நாள்.”

“நீங்களே படிச்சுப் பாருங்க தம்பி” என்றாள் அவள்.

வெளியேறும் வழியில் பதிப்பாசிரியரின் அறைக்கதவு திறந்திருந்தது. மேசைக்குப் பின்னால் ஓர் உயரமான இரும்பு ஸ்டூல். நான்கு கால்களிலும் நாணய அளவில் வட்டமான ரப்பர்க் குமிழ்கள். நிதானம் அதைப் பார்த்தார், மாப்பிள்ளையும் பார்த்தான். இருவரும் வாய் திறக்கவில்லை. மாப்பிள்ளையைப் பொறுத்தவரை அது ஒரு சாதனை.

*

முந்நூறின் வீடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. கதவைத் திறந்தவர் ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒரு காதில் நூல் கட்டியிருந்தது. வந்த விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் வெளிறியது.

“போச்சா? மொத்தமுமா?” சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் ஏன் சார் எடுக்கறேன்? அது அச்சாகணும்னுதானே ஒன்பது வருஷம் உயிரைக் குடுத்தேன்?”

“ஆத்திரத்துல மனுஷன் சொந்த வீட்டையே கொளுத்துவான்” என்றான் மாப்பிள்ளை.

“ஆத்திரம் இருக்கிறவங்க கொளுத்த மாட்டாங்க தம்பி, காத்திருப்பாங்க” என்று உள்ளறையிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. “அண்ணா, அவங்களை உள்ளே கூட்டிட்டு வா. முகத்தைப் பார்த்துப் பேசறேன்.”

சன்னலோரக் கட்டிலில், முதுகுக்கு மூன்று தலையணைகள் வைத்து, முந்நூறின் தங்கை சாய்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே போர்வை அசையவில்லை. அவள் கண்கள் மட்டும் வந்தவர்களை ஊசிபோல் துளைத்தன. கட்டிலுக்கடியில் வரிசையாக அட்டைப்பெட்டிகள்.

நிதானம் சட்டைப்பையிலிருந்து ஆப்பை எடுத்து முந்நூறிடம் நீட்டினார். “இது என்னன்னு தெரியுமா?”

அவர் அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “கதவு ஆடாம இருக்கறதுக்கா?”

“நடிக்கலாம் மாமா” என்று கிசுகிசுத்தான் மாப்பிள்ளை.

“மனுஷன் நடிப்பான். பெட்டி நடிக்காது. அடியில இருக்கிறதை எடு.”

பெட்டிகளைத் திறந்தார்கள். மங்கிய நீல எழுத்தில் கார்பன் பிரதிகள். பாதி நிரம்பிய பெட்டி ஒவ்வொன்றிலும் மிச்ச இடத்தில், பழைய செய்தித்தாளை உருட்டி அண்டக் கொடுத்திருந்தது.

“பார்த்தியா? இவருக்குத் தெரிஞ்சது காகித உருண்டை. ஆப்பு வந்தது இவர் வேலையைவிட்டுப் போனதுக்கு அப்புறம். அந்த அறையில இப்பவும் வேலை செய்யற ஒரு கைதான், திருடும்போதுகூடப் புது வழக்கப்படி ஆப்பை எடுத்துச் செருகியிருக்கு. பழகின கை யோசிக்கறதில்லை, மாப்ளே.”

“நரி வால்!” என்று கத்தினான் மாப்பிள்ளை. “அப்ப எழுத்தரம்மாவா?”

“அவங்க ஏணியில தாவிப் பழகினவங்க. அவங்களுக்கு ஸ்டூல் எதுக்கு?”

மாப்பிள்ளையின் முகத்தில் விளக்கெரிந்தது. “ஆனா மாமா, திருடினவரே எதுக்கு நம்மளைக் கூப்பிடணும்?”

“அவருக்குத் திருடன் வேண்டாம், இந்தப் பெட்டி வேணும். ரெண்டும் தொலைஞ்சாத்தான் புதுசா எழுதலாம்னு சொன்னார் இல்லையா? இதுவும் கிடைச்சா சட்டப்படியே வேற வாக்கியம் எழுதிடலாம். மோப்பம் பிடிச்சுக் கொண்டுவந்து குடுக்க ரெண்டு நாய் தேவைப்பட்டுச்சு.”

“ஒரு நாய்னு சொல்லுங்க. நான் வெறும் வால்” என்றான் மாப்பிள்ளை. ஆனால் அவன் குரலில் முதன்முதலாகச் சூடு ஏறியிருந்தது.

தங்கை மெல்லச் சிரித்தாள். சிரிப்பில் துளியும் குளிர்ச்சி இல்லை. “படிச்சுட்டாரா? அச்சானதுக்கு அப்புறம்தான் படிப்பார்னு நினைச்சிருந்தேன். தம்பி, நாற்பத்தி ஒண்ணிலேர்ந்து எடுத்து வாசிங்க. சத்தமா.”

மாப்பிள்ளை அட்டைகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினான்.

“நாற்பத்தி ஒண்ணு. ஒன்றன்மேல் வைத்தல். உதாரணம்: மூன்றாவது புகார்ச் சீட்டையும் அவள் அவருடைய மேசைமேல் வைத்தாள். நாற்பத்தி ரெண்டு. சாய்த்து நிறுத்துதல். உதாரணம்: படி உடைந்த ஏணியை மறுபடியும் அதே சுவரில் நிறுத்தினார்கள். நாற்பத்தி மூணு. கதிரவன் மறைதல். உதாரணம்: சூரியன் மறையும்வரை அவள் தரையில் கிடந்தாள், மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். நாற்பத்தி நாலு. எலும்பு கூடுதல். உதாரணம்: கை எலும்பு கூடியது, முதுகெலும்பு கூடவில்லை. நாற்பத்தி அஞ்சு. முகம் இறுகுதல். உதாரணம்: விசாரணையில் அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, ‘பெண் கவனக்குறைவாக ஏறினாள்’ என்றார். நாற்பத்தி ஆறு...”

அட்டையை மடியில் வைத்துக்கொண்டு சன்னலைப் பார்த்தான்.

“பதினோரு வருஷம் ஆச்சு” என்றாள் தங்கை. “நானும் அங்கதான் வேலை பார்த்தேன். அர்த்தத்தைப் பிரிச்சு அடுக்கறது அண்ணன். உதாரணம் எல்லாம் நான் இங்க படுத்துக்கிட்டுச் சொன்னது. முந்நூத்திப் பதினோரு அட்டையில ஆறே ஆறுதான் அந்தக் கதை. மத்ததெல்லாம் ஆடு, மாடு, அடுப்பு, ஜன்னல். யாரும் சந்தேகப்படக் கூடாதுல்ல?”

“விசாரணையில உங்க புகார்ச் சீட்டு?” என்று கேட்டார் நிதானம்.

அவள் தலையணைக்கடியிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தாள். மூன்றாவது சீட்டைப் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பியபோது கீழே எழுதிய வரி: ‘ஏணியைவிட அவசரமான வேலைகள் உள்ளன.’

“இதைக் காட்டினேன். தேதி இல்லை, எந்த ஏணின்னு இல்லைன்னு தள்ளிட்டாங்க. இந்த வருஷம் அகராதியோட முதல் பக்கத்துல என் பேரும் வரணும்னு அண்ணன் கேட்டான். அன்னிக்கே அவனுக்கும் சீட்டுக் கிழிஞ்சது.” அவள் நிதானத்தை நேராகப் பார்த்தாள். “நீங்க அவர் கூப்பிட்டு வந்த ஆளு. இப்ப என்ன செய்யப் போறீங்க?”

“அவர் கேட்டது கார்பன் பிரதி. கிடைச்சாச்சுன்னு சொல்லப் போறேன்” என்றார் நிதானம்.

முந்நூறு பதறி எழுந்தார். தங்கை கையமர்த்தினாள். துப்பறிவாளரின் கைகள் அப்போது அட்டைகளைச் சீட்டுக்கட்டுப்போலக் கலைத்துக்கொண்டிருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

*

தொலைபேசியில் சொன்ன அரைமணி நேரத்துக்குள் பதிப்பாசிரியர் வந்து சேர்ந்தார். உள்ளறைக்கும் கூடத்துக்கும் நடுவே திரை இழுத்துவிடப்பட்டிருந்தது. முந்நூறு திரைக்கு அந்தப் பக்கம் தங்கையோடு இருந்தார். கூடத்து மேசைமேல் முந்நூற்றுச் சொச்சம் அட்டைகள் தாறுமாறாகக் குவிந்து கிடந்தன.

“வீட்டுல ஆள் இல்லையா?” என்று கேட்டார் பதிப்பாசிரியர்.

“இருக்காங்க. உங்க முகத்துல முழிக்க மனசில்லையாம்” என்றான் மாப்பிள்ளை. அது பொய்யில்லை.

“கலைஞ்சு கிடக்குங்க” என்றார் நிதானம். “இதுதானான்னு நீங்களே பார்த்துச் சொல்லிடுங்க. முழுசும் தூக்கிட்டுப் போகணுமா, மாதிரிக்குச் சிலது போதுமா?”

“மாதிரிக்குச் சிலது போதும்.”

அவர் உட்கார்ந்தார். முப்பதாண்டு அட்டை புரட்டிய விரல்கள். எண்களை மட்டும் பார்த்து, வேண்டாததை ஒதுக்கி, வேண்டியதை இழுத்து, சோளப்பொரியைக் கொத்தும் புறாவின் அலகுபோல அவை விரைந்தன. மூன்றே நிமிடங்களில் ஆறு அட்டைகள் அவர் கையில் அடுக்காகச் சேர்ந்தன. அவற்றைச் சட்டைப்பைக்குள் வைக்கப் போனார்.

“என்னென்ன எடுத்தீங்க?”

“சும்மா... கைக்கு வந்ததை.”

“மாப்ளே, சாரோட கைக்கு என்ன வந்திருக்குன்னு வாசி.”

மாப்பிள்ளை வெடுக்கென்று அடுக்கைப் பிடுங்கினான். “நாற்பத்தி ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு. அடடா! சார் கையில எடுத்தா எல்லாம் வரிசையா வருது. எங்க கூடச் சீட்டாட வர்றீங்களா?”

“படிக்கவே இல்லைன்னு சொன்ன அட்டைகள்ல, முந்நூத்துக்கு மேல இருக்கிற குவியல்லேர்ந்து, இந்த ஆறை மட்டும் பொறுக்கியிருக்கீங்க” என்றார் நிதானம். குரல் கொஞ்சமும் உயரவில்லை. “இழுப்பறைகளுக்கு முன்னால தூசியில உங்க ஸ்டூலோட நாலு கால் தடம் இருக்கு. ஏணி பக்கத்துலயே இருந்தும் நீங்க அதைத் தொடல. அந்த ஏணி எப்படிப்பட்டதுன்னு உங்களைவிட நல்லா யாருக்குத் தெரியும்? கடைசியா இது.” மேசைமேல் ஆப்பை வைத்தார். “அட்டை வளைஞ்சுடக் கூடாதுன்னு செருகிட்டு வந்தீங்களே, அது.”

பதிப்பாசிரியர் ஆப்பைத் தொட்டுப் பார்த்தார்.

“அதை வெச்சதே எனக்கு ஞாபகம் இல்லை” என்றார்.

“அட்டைகள் எங்கே? எரிச்சுட்டீங்களா?”

“என் பீரோவுல இருக்கு. அடுப்புப் பக்கத்துல ரெண்டு தடவை கொண்டுபோனேன். கை வரல.” அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “ஒன்பது வருஷ வேலை. அதுமாதிரி வேலை என் பணிமனையில வேற யாரும் செஞ்சதில்லை.”

திரை விலகியது. கட்டிலில் சாய்ந்தபடியே தங்கை அவரைப் பார்த்தாள். பதினோரு ஆண்டுகளில் முதல் பார்வை. பதிப்பாசிரியர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றார்.

“உட்காருங்க சார். நிக்க முடிஞ்சவங்க எல்லாரும் நிக்கணும்னு கட்டாயம் இல்லை” என்றாள் அவள்.

“அம்மா... நான் வேணும்னு...”

“மன்னிப்பு கேட்க வராதீங்க. அதை வெச்சு நான் என்ன செய்ய? அண்ணா, அந்த வெறும் அட்டையை எடு. முந்நூத்திப் பன்னிரண்டு.”

முந்நூறு குவியலிலிருந்து அதைத் தேடி எடுத்து, பதிப்பாசிரியரின் முன்னால் வைத்தார். மேலே பொருள் எழுதியிருந்தது: ‘எழுத்தில் பதிவு செய்து வைத்தல்.’ கீழே உதாரணத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது.

“நான் உதாரணம் சொல்றேன். நீங்க உங்க கையால எழுதுங்க. கையெழுத்தும் போடுங்க. வெள்ளிக்கிழமை அது அச்சகத்துக்குப் போகணும்.”

“எழுத மாட்டேன்னு சொன்னா?”

“அப்ப நானும் மாமாவும் வெளியீட்டுக் குழுவுக்கு ஒரு கதை எழுதுவோம்” என்றான் மாப்பிள்ளை. “அதுல ஸ்டூல் வரும், ஆப்பு வரும், பீரோ வரும். மாமா நரியில ஆரம்பிப்பார். நான் உங்ககிட்டதான் ஆரம்பிப்பேன்.”

பதிப்பாசிரியர் பேனாவை எடுத்தார். தங்கை சொன்னாள், அவர் எழுதினார், அவள் வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் சிவந்தது.

“‘படி பழுதுபட்டிருந்தது தெரியவந்தது’ன்னு எழுதியிருக்கீங்க. நான் சொன்னது இது இல்லை. யாருக்குத் தெரிஞ்சது? எப்பத் தெரிஞ்சது? அகராதியைத் திறக்கிறவனுக்குப் புரிய வேண்டாமா? இதை நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க? அடிச்சுட்டு எழுதுங்க.”

அவர் அடித்துவிட்டு எழுதினார். பேனா காகிதத்தில் உரசும் ஓசை அந்தச் சின்னக் கூடத்தில் பெரிதாகக் கேட்டது. எழுதி முடித்ததும் மாப்பிள்ளை வாசித்தான்:

“‘நான்காம் படி உடைந்திருந்தது, அவள் ஏறுவதற்கு முன்பே எனக்குத் தெரியும்’ என்று அவர் தம் கைப்பட எழுதி வைத்தார்.”

“கையெழுத்து.”

போட்டார்.

“தேதி” என்றாள் தங்கை. “போன தடவை தேதி இல்லைன்னுதான் தள்ளிட்டாங்க.”

தேதியையும் போட்டார். எழுந்து கதவுவரை போனவரை அவள் குரல் மறுபடி நிறுத்தியது.

“கையெழுத்தான சொல்லைப் பதிப்பாசிரியர்தான் தன் கையால இழுப்பறையில வைக்கணும். இதுவும் நீங்க போட்ட சட்டம். நாளைக்குக் காலையில மேல் வரிசையில கொண்டுபோய் வைங்க. ஸ்டூல் வேண்டாம். ஏணியில ஏறுங்க. மூணுலேர்ந்து அஞ்சுக்குத் தாவக் கூடாது. நாலாம் படியை மிதிச்சு ஏறுங்க.”

*

மறுநாள் காலை பத்து மணி. அட்டை அறையின் ஏணியைச் சுற்றி எழுத்தரம்மா, முந்நூறு, நிதானம் ஆகிய மூவரும் நின்றார்கள். மாப்பிள்ளை மேசைமேலிருந்த தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தான். மறுமுனையில் சன்னலோரக் கட்டில்.

பதிப்பாசிரியர் இழுப்பறையை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினார். ஒன்று. இரண்டு. மூன்று. பிறகு நின்றார். கயிறு சுற்றிய நான்காம் படியை நோக்கி ஒரு காலைத் தூக்கினார், மெல்ல அழுத்தினார். கட்டை ‘கிறீச்’ என்று சுழன்றது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை முதல் அட்டையின்மேல் விழுந்தது.

ஏற முடியவில்லை. இத்தனை பேர் முன்னால் இறங்கவும் முடியவில்லை.

“தச்சரைக் கூப்பிடுங்க” என்றார் கம்மிய குரலில். “யாராவது ஒரு தச்சரைக் கூப்பிடுங்க.”

எழுத்தரம்மா நகரவில்லை. நிதானம் தம் கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வாயருகே கையைக் குவித்து, தொலைபேசியில் சொன்னான்:

“அக்கா, மூணாம் படியில நிக்கறார். தச்சரைக் கூப்பிடச் சொல்றார்.”

“கூப்பிடலாம்” என்றாள் அவள். “சூரியன் மறையட்டும். அதுவரைக்கும் நிக்கட்டும்.”